ஹெர்ஷியின் பழைய பனி அரங்கம்

டிசம்பர் 19, 2024

பென்சில்வேனியாவில் ஹெர்ஷி ஊரின் விளையாட்டரங்கம் 1936இல் இதே நாளில்தான் திறக்கப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தில் நாடே வேலையின்றித் தவித்தபோது, தன் ஊராருக்கு வேலை கிடைக்கட்டும் என்று சாக்லேட் ஆலை அதிபர் மில்டன் ஹெர்ஷி எழுப்பிய கட்டடங்களுள் இதுவும் ஒன்று. 1938இல் அமெரிக்கன் ஹாக்கி லீக் என்ற பனி ஹாக்கித் தொடரில் சேர்ந்த ஹெர்ஷி பேர்ஸ் அணிக்கு 2002 வரை இதுவே தாய்வீடு.

டிசம்பர் 21

இன்று முழுவதும் அந்தக் கூரைதான் மனத்தில் நின்றது. ஜெர்மனியில் பிறந்த பொறியாளர் ஆன்டன் டெடெஸ்கோ, 200 அடிக்கும் மேற்பட்ட அகலத்தை மூன்றரை அங்குலத் தடிமனே உள்ள கான்கிரீட் ஓட்டினால், இடையில் ஒரு தூண்கூட நிறுத்தாமல் வளைத்து மூடினார். ஒரு பகுதியை வார்த்து, அது இறுகியதும் சாரத்தை நகர்த்தி அடுத்த பகுதியை வார்த்தார்கள். தூண்கள் இல்லாததால்தான் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் எதுவும் மறைக்காது. இருக்கை வரிசைகள் செங்குத்தாக ஏறியதால், வீரர் திடீரென்று நிற்கும்போது ஸ்கேட் கத்தி பனியைச் சீவித் தெறிக்கவிடுவதை மேலிருந்தே தெளிவாகப் பார்ப்பேன். பந்துக்குப் பதிலாக ஆடும் ‘பக்’ என்ற ரப்பர் வட்டு பலகைச் சுவரில் மோதும் ஓசை கான்கிரீட் வளைவில் பட்டுத் திரும்பி மார்பில் அதிரும். ஏழாயிரம் பேர் கூடினாலே போதும், அருகில் இருப்பவர் பேசுவது காதில் விழாது.

டிசம்பர் 23

பிராங்க் மேதர்ஸ் 1956இல் ஆடிக்கொண்டே பயிற்சியளிப்பவராக வந்து, பின்னர் முழுநேரப் பயிற்சியாளராகவும் நிர்வாகியாகவும் 1991 வரை இந்த அணியுடனேயே இருந்தார். திறமை காட்டுகிறவரை இதற்கு மேல்நிலையில் உள்ள தேசிய ஹாக்கி லீக் உடனே அழைத்துக்கொள்ளும் இடத்தில், ஒருவர் இத்தனை காலம் நிலைத்தது எனக்கு இன்றும் வியப்பே. 1988இல் பிளே-ஆஃப் சுற்றுகளில் ஆடிய 12 ஆட்டங்களிலும் ஒன்றுகூடத் தோற்காமல் இந்த லீகின் சாம்பியனுக்குரிய கால்டர் கோப்பையை வென்ற அணியும் இங்கே வளர்ந்ததுதான்.

டிசம்பர் 27

1962 மார்ச் 2 அன்று வில்ட் சேம்பர்லின் ஒரே கூடைப்பந்து ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்ததால்தான் வெளியூராருக்கு இந்த அரங்கத்தைத் தெரியும். அன்று வந்தவர்கள் 4,124 பேர். இருக்கைகள் நிறையக்கூட இல்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1979: திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தின்போது, வீடுகளை விட்டு வெளியேறிய கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இதே அரங்கம் புகலிடமாயிற்று.

டிசம்பர் 29

2002இல் அணி ஜயன்ட் சென்டர் என்ற புதிய அரங்கத்துக்கு மாறியது. அங்கே இருக்கைகள் அகலம், வசதிகள் ஏராளம், கோப்பைகளும் தொடர்ந்து வருகின்றன; அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் இதுவரை வென்ற 13 கோப்பைகளுள் 8 பழைய அரங்கின் காலத்தவை என்பதை, புதிதாக ஆட்டம் பார்க்க வரும் இளைஞர்களிடம் தவறாமல் சொல்கிறேன்.