தென்னை மரத்தில் கட்டிய ஜெட் ஸ்கீ

போன மாதம் ஒரு சனிக்கிழமை பொழுதோட, பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் மாமா தோட்டத்துச் சாளை வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் தார்ப்பாய் போர்த்தி இறுக்கிக் கட்டியிருந்தது தண்ணீர்மேல் ஓடும் ஒரு ஜெட் ஸ்கீ, யமஹா சூப்பர்ஜெட். சீட்டே கிடையாது, நின்றுகொண்டே ஓட்டும் ரகம். அம்மிச்சி கிட்டே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது.

"ஏங் கண்ணு, இதுல எங்க உக்காருவாங்க?"

"உக்கார முடியாதுங்க அம்மிச்சி, நின்னுக்கிட்டேதான் ஓட்டோணும்."

"நிக்கறதுக்கு எதுக்குடா வண்டி?"

வண்டி என்னோடு படித்தவனுடையது. ஊர் கோபி, பிழைப்பு கொச்சியில், உப்புத் தண்ணீரில். எனக்குக் கோவை கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது, பதினைந்து வருடமாக ஒரு ராஜ்தூத் 350ஐக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறேன், அதனால் இரண்டு ஸ்ட்ரோக் என்றால் எல்லாம் எனக்குத் தெரியும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. "மாப்ள, வேகம் எடுக்க மாட்டேங்குது, இக்னிஷனை மாத்திக் குடு" என்று ஒரு அட்டைப்பெட்டியையும் சேர்த்து அனுப்பியிருந்தான். உள்ளே, பிளக்கில் பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, கம்ப்யூட்டரில் மாற்றிக்கொள்ளக்கூடிய சிடிஐ பெட்டி ஒன்று, என்ஜின் அச்சோடு சுற்றும் மேக்னட் என்கிற காந்தச் சக்கரம், அதுவும் எடை குறைந்தது, புது காயில். விலையைச் சொன்னால் மாமா என்னைத் தோட்டத்துக்குள் விடமாட்டார், அதனால் சொல்லவில்லை.

இந்த என்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சூப்பர்ஜெட் வந்தது 1990இல், அப்போது 633 சிசி. 1994இல் 701 சிசி ஆனது, சிலிண்டர் விட்டம் 81 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 68, இரண்டு சிலிண்டர். அதாவது இதன் ஒரு சிலிண்டரே என் முழு ராஜ்தூத்துக்குச் சமம். 2021இல் நாலு ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டார்கள், அது வேறு கதை. என் ராஜ்தூத்தில் பொறிக்குப் பாயிண்ட் செட் உண்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இடைவெளி வைத்து ஓட்ட வேண்டும். இதில் அந்த வேலை இல்லை. மேக்னட் சுற்றும்போது ஒரு காயில் உண்டாக்கும் கரண்ட் சில நூறு வோல்ட்டாக ஒரு கெப்பாசிட்டரில் சேருகிறது, பல்சர் காயில் சைகை கொடுத்ததும் அது மொத்தமும் இக்னிஷன் காயிலில் போய் விழுகிறது, பிளக்கில் பொறி. ஒரே காயிலில் இரண்டு வயர், இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் வெட்டும். ஒரு பிஸ்டன் மேலே இருந்தால் மற்றது கீழே, கீழே இருப்பதில் விழும் பொறி சும்மா வீண்.

ஆக, பொறி வருகிறதா என்பது பாதிக் கேள்விதான், எப்போது வருகிறது என்பது மீதி. 6000 ஆர்பிஎம்மில் கிராங்க், அதாவது பிஸ்டன் சுழற்றும் அச்சு, ஒரு டிகிரி நகர ஆகும் நேரம், ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக நறுக்கினால் அதில் 28 துண்டு. அந்த வேகத்தில் பொறி நாலைந்து டிகிரி தள்ளிப் போனால் பிளக்கைக் கழற்றிப் பாடியில் வைத்துப் பார்க்கும் எந்த மெக்கானிக்குக்கும் தெரியாது, "கரண்ட் நல்லாத்தானுங்க வருது" என்பார். அவர் சொல்வது பொய்யும் இல்லை.

பெட்டியைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, முதலில் இருக்கிற நிலையில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கலாம் என்று தோன்றியது. எங்கே ஓட்டுவது? ஆழியாறு, திருமூர்த்தி அணையில் எல்லாம் நாம் நினைத்தபடி இறக்க முடியாது. மாமாவின் பண்ணைக்குட்டையில் ஆறடித் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அடியில் ஷீட் விரித்திருக்கிறது, அதில் சுற்றி வந்தால் ஷீட்டோடு என் சட்டையும் கிழியும். அப்போதுதான் கொப்பரை மூட்டை எடை போடும் தொங்கு தராசு கண்ணில் பட்டது, கடிகாரம் மாதிரி முள் வைத்தது. கரையில் இருந்த தென்னையில் தராசைக் கட்டி, தராசிலிருந்து வண்டிப் பின்னால் தேங்காய் நார் வடக்கயிறு. 130 கிலோ சொச்சம் உள்ள வண்டியை நாலு பேர் தூக்கித் தண்ணீரில் விட்டோம். நான் இடுப்பளவுத் தண்ணீரில் ஜெட்டுக்கு எட்டத்தில் பக்கவாட்டில் நின்று, என்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, த்ராட்டிலை அழுத்தினேன். ஓடாத வண்டி இழுப்பதை வைத்து வேகத்தைச் சொல்ல முடியாது, சரி, ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட இது போதும்.

முள் ஒரே ஆட்டம். எண் எதுவும் படிக்க முடியவில்லை. எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை, தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் தராசுக் கண்ணாடியில் அந்த இடத்தில் ஒட்டிவிட்டார். எனக்கு அந்த யோசனை வரவில்லை.

மறுநாள் டைமிங் பார்த்தோம். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு ஒரு போல்ட்டை வெல்டு வைத்தால் பிஸ்டனைத் தடுக்கும் கட்டை தயார். அதை மாட்டி கிராங்கை ஒரு பக்கம் முட்டும்வரை திருப்பி ஒரு கோடு, மறுபக்கம் முட்டும்வரை திருப்பி இன்னொரு கோடு, இரண்டுக்கும் நடு டாப், அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். என்ஜினை ஜெட் பம்ப்போடு சேர்க்கும் கப்ளிங்கில் வெள்ளை பெயின்ட்டில் குறித்துக்கொண்டோம். ஒரு டிகிரி அதில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, அதனால் பெயின்ட் பிரஷ் வேலைக்கு ஆகவில்லை, தீக்குச்சி முனை.

கரையில் வைத்து ஓட்டும்போது என்ஜின் சூடாகாமல் இருக்க போர்வெல் தண்ணீரை டியூப் வழியாகக் கொடுக்க வேண்டும். இதில் ஒரு சங்கதி உண்டு. என்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும், நிறுத்தும்போது தண்ணீரை முதலில் மூடிவிட்டு, மிச்சத் தண்ணீரை இரண்டு உறுமலில் வெளியே தள்ளிவிட்டு, அப்புறம்தான் என்ஜினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் தண்ணீர் சைலன்சரில் நிரம்பிச் சிலிண்டருக்குள் ஏறிவிடும். கேட்வால்வில் மாமாவை நிறுத்தியிருந்தேன். ஸ்டார்ட்டர் சுற்றும் சத்தம் கேட்டதுமே திறக்கப் போனார். "மாமா, இருங்க இருங்க!" என்று நான் கத்தியது பக்கத்துத் தோட்டம்வரை கேட்டிருக்கும். "வெள்ளாமைக்குத் தண்ணி உட்டு அம்பது வருசமாச்சு, எனக்கே சொல்லித் தர்றயா" என்று அன்று பூராவும் முனகினார்.

பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை அடித்துப் பார்த்தால் கோடு எங்கேயோ நின்றது. கம்பெனி சொன்ன இடத்திலிருந்து ஆறு டிகிரி தாமதம். தாமதமானால் எரிவது பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதில் எக்ஸாஸ்டுக்குள் போய்ச் சூடாகிறது. வண்டி இழுக்காது. அவன் சொன்ன குறை அப்படியே இதுதான்.

புளியமரத்துக் கிளையில் செயின் பிளாக் மாட்டி என்ஜினைத் தூக்கி எடுத்தோம். முன் கவரைத் திறந்ததும் கதை தெரிந்துவிட்டது. மேக்னட்டின் விளிம்பில் சுத்தியல் தடம். யாரோ ஒரு மகராசன் இழுத்துக் கழற்றும் புல்லர் இல்லாமல் தட்டிக் கழற்றியிருக்கிறார், திரும்ப மாட்டும்போது நட்டைச் சரியான முறுக்கு கொடுத்து இறுக்கவும் இல்லை. மேக்னட் உட்காரும் கூம்பு முனையான டேப்பர் வழுக்கி, உள்ளே இருக்கும் அரைவட்டக் கீ பாதி அறுந்து, வெட்டிய வெல்லக்கட்டி மாதிரி படி விழுந்து இருந்தது. அந்தக் கீயின் வேலை மேக்னட்டை அதன் இடத்தில் உட்கார வைப்பது மட்டும்தான், பிடித்து நிறுத்துவது டேப்பர். இதைப் புரிந்துகொள்ளாமல் புதுக் கீ மட்டும் போட்டால் அதுவும் ஒரு மாதத்தில் அறும்.

இது எங்கள் ஊர் வேலை. வால்வு அரைக்கும் பேஸ்ட்டைத் தடவி, கீ இல்லாமல், டேப்பரில் மேக்னட்டை வைத்து இப்படியும் அப்படியும் அரை மணி நேரம் தேய்த்து, இரண்டு முகமும் ஒரே சாம்பல் நிறமாக வந்ததும் துடைத்தெடுத்து, டேப்பரில் சொட்டு எண்ணெய்கூட இல்லாமல், புதுக் கீ வைத்து மாட்டினேன். எர்த் வயரின் ரிங்கைத் தொட்டதும் பச்சைப் பொடியாக உதிர்ந்தது, அதையும் வெட்டிப் புது ரிங் போட்டு, கனெக்டர் எல்லாவற்றுக்கும் ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ். பிளக் பிஆர்8எச்எஸ், அந்த ஆர் எழுத்து முக்கியம், ரெசிஸ்டர் இல்லாத பிளக் போட்டால் சிடிஐக்கு மின் இரைச்சல் ஏறும். செலவு மொத்தம் ஒரு நல்ல பிரியாணிச் சாப்பாட்டுக்கு ஆவது.

மறுபடி தென்னை, கயிறு, தராசு. த்ராட்டிலை அழுத்தியதும் மரத்தில் இருந்து ஒரு காய்ந்த மட்டை விழுந்தது. முள் முதல் பொட்டை வெகு தூரம் தாண்டிப் போனது. அத்தை இரண்டாவது பொட்டு ஒட்டினார்.

அடுத்த வாரம் பெட்டியைப் பிரித்து புது செட்டையும் மாட்டினேன், அவன் காசு கொடுத்து வாங்கியதாயிற்றே. மேக்னட் எடை குறைந்ததால் த்ராட்டிலை அழுத்தியதும் என்ஜின் துள்ளி எழுகிறது, அலையில் தாவி விளையாடுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் முள்? மூன்றாவது பொட்டு இரண்டாவதின்மேல் பாதி ஏறி ஒட்டிக்கொண்டது. ஆச்சரியம் இல்லை. புரோகிராம் செய்யும் சிடிஐயின் லாபம் மேல் ஆர்பிஎம்மில் டைமிங்கை வேண்டுமென்றே பின்னுக்கு இழுப்பதில் இருக்கிறது, அப்போது எக்ஸாஸ்ட் பைப் சூடாகி, அதற்குள் ஒலி வேகமாக ஓடி, பைப் குட்டையானது போல நடந்துகொண்டு இன்னும் சுற்ற விடும். அதற்கு ஏற்ற பைப் வேண்டும், அவனிடம் இருப்பது கம்பெனி பைப். டைமிங்கை முன்னுக்குத் தள்ளினால் பலம் ஏறாதா என்று போனில் கேட்டான். ஏறும், கூடவே கலவை தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங்கும் வரும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். நான் கம்பெனிக் கணக்கிலேயே விட்டுவிட்டேன். இப்போது வரும் இ20 பெட்ரோலுக்குக் கலவை வேறு கொஞ்சம் மெலிகிறது, டேங்கில் நிறுத்திவைத்தால் ஈரத்தையும் உறிஞ்சும், தண்ணீர் வண்டிக்கு இதைவிட மோசமான எண்ணெய் இல்லை.

அடுத்து டோட்டல் லாஸ் போடலாமா என்று கேட்கிறான், சார்ஜிங்கையே எடுத்துவிட்டு பேட்டரியில் மட்டும் ஓடுவது. போட்டிக்காரனுக்குச் சரி. கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் போகிறவன் பேட்டரி இறங்கினால் நீந்தித்தான் வரணும் என்று சொல்லிவிட்டேன், பதில் இல்லை.

வண்டி ஞாயிற்றுக்கிழமை கொச்சிக்குப் போய்விட்டது, கழற்றிய சிடிஐயைத் துணியில் சுற்றி உள்ளேயே வைத்து அனுப்பினேன். தராசை மாமா துடைக்காமல் திரும்பக் கொப்பரைக் களத்தில் மாட்டிவிட்டார் போல. வியாழக்கிழமை கொப்பரை எடுக்க வந்த வியாபாரி கண்ணாடியில் இருந்த மூன்று பொட்டையும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, தராசுக்குச் சீராட்டா?" என்று கேட்டாராம். கடைசி மூட்டையை மட்டும் இரண்டு தரம் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றியிருக்கிறார்.