8.41க்கு வந்த புகார் எண்

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. தக்கலைப் பக்கம் மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. ரப்பர் கிளை ஒன்று லைனில் விழுந்து எங்கள் தெருவில் கரண்ட் போய், ஏழரைக்குத்தான் திரும்ப வந்தது. எட்டு மணி போல போனில் ஒரு மெசேஜ்: ‘கடந்த மாத மின் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30க்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்.’ கூடவே ஒரு பத்து இலக்க செல்போன் எண்.

வேறொரு நாளாக இருந்தால் சந்தேகம் வந்திருக்கும். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் பில். ‘கடந்த மாதக் கட்டணம்’ என்று ஒன்று கிடையாது. கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது, மறுபடியும் போய்விடுமோ என்ற பயத்தில் அந்த எண்ணுக்குப் போன் செய்துவிட்டேன்.

பேசியவர் நல்ல தமிழில், பொறுமையாகப் பேசினார். பணம் கட்டியது பதிவில் ஏறவில்லை, 13 ரூபாய் கட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லி வாட்ஸாப்பில் ஒரு ஏபிகே ஃபைல் அனுப்பினார். திறந்தால் போனில் ஒரு செயலியை ஏற்றிவிடும் ஃபைல் அது. ‘இது ஆபத்தாக இருக்கலாம்’ என்று போனே எச்சரித்தது. அவர் “அது எல்லாருக்கும் வரும் மேடம், ஓகே கொடுங்க” என்றார். ஏறிய செயலி மெசேஜ் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தேன். கார்டு எண், பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் போட்டேன். ஓடிபியை நான் யாருக்கும் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. எனக்கு வரும் மெசேஜையெல்லாம் அந்தச் செயலியே அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

8.19க்கு 24,999 ரூபாய். 8.22க்கு இன்னொரு 24,999. மகனின் காலேஜ் பீஸுக்காக வீட்டுக்காரர் சவுதியிலிருந்து அனுப்பி வைத்திருந்த பணம் அது.

கை நடுங்க அடுத்த வீட்டு மயினியிடம் ஓடினேன். பேங்கின் நம்பரை கூகுளில் தேடாமல் கார்டின் பின்பக்கத்தில் பார்த்து, மயினியின் போனிலிருந்தே கூப்பிட்டோம். கூகுளில் வருவதில் போலி கஸ்டமர் கேர் நம்பர்களும் உண்டு. ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று ஓட்டி ஓட்டி ஒருவழியாக ஆள் கிடைத்து, கார்டை முடக்கச் சொன்னோம். 8.41க்குப் புகார் எண்ணோடு என் போனுக்கு மெசேஜ் வந்தது.

அடுத்து 1930, ஆன்லைன் பண மோசடியைப் புகார் செய்யும் அரசு உதவி எண். முதல் தடவை லைன் கிடைக்கவில்லை, இரண்டாவது தடவை எடுத்தார்கள். அக்கவுண்ட் எண், பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண், நான் போன் செய்த எண் எல்லாம் கேட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே, 8.53க்கு, இன்னும் 9,800 போனது. மயினியின் மகன்தான் “மாமி, மொதல்ல சிம்மக் கழத்துங்க” என்று கத்தினான். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை அது. சிம்மை மயினியின் பழைய பட்டன் போனில் போட்டோம். 1930இலிருந்து வந்த ஒப்புகை எண்ணை வைத்து அன்றிரவே cybercrime.gov.in தளத்தில் புகாரை முழுதாகப் பதிந்தோம்.

திங்கள் காலை பேங்குக்குப் போனேன். “ஓடிபி போட்டுத்தான் பணம் போயிருக்கு, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது” என்றார்கள். அதோடு எழுந்து வந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து எழுந்து வராதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கிறது. நம் கவனக்குறைவால் பணம் போனால், பேங்கில் சொல்லும்வரை போனது நம் நஷ்டம். சொன்ன பிறகு போவது பேங்கின் நஷ்டம். நம் தவறும் பேங்கின் தவறும் இல்லாமல் வேறு எங்கோ இருந்த ஓட்டையால் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னாலே முழுப் பொறுப்பும் பேங்குக்குத்தான். எனக்கு முதல் விதிதான் பொருந்தும் என்று தெரியும். அதனால் 49,998க்குச் சண்டை போடவில்லை. 8.41க்குப் புகார் எண் கொடுத்துவிட்டு 8.53க்கு எப்படி 9,800 போக விட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். அதையே இரண்டு பிரதி எழுதிக் கொடுத்து, ஒன்றில் சீல் வாங்கிக்கொண்டேன். கிளையில் பதில் இல்லை, தலைமை அலுவலகக் குறைதீர் பிரிவுக்கு அனுப்பினேன். முப்பது நாளில் தீராவிட்டால் பேங்குகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448இல் கேட்டால் வழி சொல்வார்கள். எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. இருபத்தாறாம் நாள் 9,800 அக்கவுண்டில் ஏறியது. புகார் எண் வந்த மெசேஜில் ‘8.41’ என்ற நேரம் இல்லாவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது.

திங்களன்றே மத்தியானம் நாகர்கோவில் எஸ்பி ஆபீஸில் இருக்கும் சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போனேன். பாஸ்புக் நகல், ஸ்டேட்மெண்ட், ஸ்கிரீன்ஷாட்டுகள் கேட்டார்கள். ஏபிகே ஃபைல் வந்த வாட்ஸாப் உரையாடலையும் பார்த்தார்கள். நல்லவேளை, பயத்தில் அதை அழிக்கவில்லை. எல்லாம் எடுத்துக் கொடுத்த பிறகுதான் போனை ரீசெட் செய்தேன். என் பணம் போய்ச் சேர்ந்த அக்கவுண்டில் 31,000 முடக்கப்பட்டிருப்பதாகச் சில நாளில் தெரிந்தது. 1930க்கு அன்றிரவே சொன்னதால்தான் அது நின்றது.

முடக்கிய பணம் தானாக நம் கைக்கு வந்துவிடாது. நாகர்கோவில் நீதிமன்றத்தில் மனுப்போட்டு உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. வக்கீல், அலைச்சல், பஸ், லீவு என்று நான்கு மாதம். மனு எண்ணையும் பழைய தேதிகளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்ததால் ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து கதை சொல்லாமல் தப்பினேன்.

இப்போது கூகுள் பே ஓடும் அக்கவுண்ட் தனி, அதில் மூவாயிரத்துக்கு மேல் வைப்பதில்லை. பீஸ் பணம் கிடக்கும் அக்கவுண்டுக்குக் கார்டே வாங்கவில்லை. ஈபி மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை அட்டையின் பின்பக்கம் 1930 என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். மயினியும் எழுதி வைத்திருக்கிறார்.

பிப்ரவரி கடைசியில் 31,000 வந்தது. மிச்சம் 18,998 அன்றிரவே வேறொரு மாநிலத்து ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிட்டதாக ஸ்டேஷனில் சொன்னார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது, அடுத்த மாதம் போய்க் கேட்க வேண்டும்.