குளிரில் ஒளிந்திருக்கும் வெயில்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில் இன்று காலை களையெடுத்துக்கொண்டிருந்த அக்கா, தலைத் துண்டை முகத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டியபடி, “இந்தக் குளுருல வெயிலே தெரியாது தம்பி, ஆனா மேலெல்லாம் கறுத்துப்போகும்” என்றார்.

உண்மைதான். சுமார் 1,500 மீட்டர் உயரம் இது. ஒவ்வோர் 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது.

அந்தக் கதிர் தோல் உயிரணுவுக்குள் புகுந்து, டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து நிற்கும், தைமின் என்ற வேதி எழுத்துகள் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. நொதிகள் அந்த ஒட்டலைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி ஏறத்தாழ 30 எழுத்துகளை வெட்டியெடுத்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்து இடைவெளியை மீண்டும் எழுதி நிரப்புகின்றன. அதற்குள் டி.என்.ஏ. நகலெடுக்கப்பட்டுவிட்டால் தவறான எழுத்து நிலைத்துவிடலாம். சடுதிமாற்றம் பிறப்பது அப்படித்தான்.

இந்த வெட்டி நிரப்பும் வேலையை விளக்கியதற்காக 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அசீஸ் சன்ஜார், முதலில் ஆராய்ந்தது போட்டோலையேஸ் என்ற நொதியை. அது நீல ஒளியின் ஆற்றலைக் கொண்டு, எதையும் வெட்டாமல், ஒட்டலை மட்டும் பிரித்துவிடும். தாவரங்களிடம் அது உண்டு, கங்காருவிடம்கூட உண்டு. நம்மிடம் இல்லை, பரிணாமப் பாதையில் எங்கோ தொலைத்துவிட்டோம். (எனக்கு இதில் சற்றுப் பொறாமைதான்.)

அக்காவின் பக்கத்தில் நின்ற காப்பிச் செடி, தன்னைக் கெடுக்கிற அதே வெயிலைக்கொண்டே தன்னைச் சரிசெய்துகொண்டிருந்தது.

நானோ தொப்பியைச் சேலத்திலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன்.