பச்சைத் துணி, தங்கச் சட்டை

31 டிசம்பர் 2015, வியாழன்

வருசக் கடைசி என்று கடைத்தெருவில் ஒரே கூட்டம். பொங்கலுக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர்களை அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்த ஒன்பது மணியாகிவிட்டது. அக்கா மகன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "கேஸ் போட்டுட்டாங்க, சித்தி." யார்மேல், என்ன ஆச்சு என்று பதறிப்போனேன்.

கடைசியில் பார்த்தால், ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் விவகாரம். அமெரிக்காவில் சில ரசிகர்கள் சேர்ந்து 'ஆக்சனார்' என்று ஒரு படம் எடுக்கிறார்கள். 2014-ல் அதற்கு முன்னோட்டமாக 21 நிமிடக் குறும்படம் விட்டார்கள். அடுத்து முழுநீளப் படம் என்று ரசிகர்களிடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் வசூலும் ஆயிற்று. முந்தாநாள் ஸ்டார் ட்ரெக்கின் உரிமையாளர்களான பாரமவுண்டும் சிபிஎஸ்ஸும் பதிப்புரிமையை மீறியதாகக் கலிபோர்னியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கின்றன.

இவன் போட்டது 25 டாலர். அன்றைய விலைக்கு நம் மலேசியப் பணத்தில் 80 வெள்ளி. "எங்கிட்டப் புத்தகம் வாங்கணும்னு கேட்டியே, அந்த 80 வெள்ளியா?" என்றேன். பேச்சே இல்லை.

24 ஜனவரி 2016, தைப்பூசம்

நேற்று பினாங்கு வெள்ளி ரதம் கோவில் வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து தூக்கமில்லை. தேங்காய்ச் சிரட்டைக் குவியலுக்கு நடுவில் நின்றும் மாமனுக்கும் மருமகனுக்கும் அதே பேச்சுதான். என் தம்பி வக்கீல் ஆபீசில் கிளார்க். வாதம் செய்யாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"ரதம் செட்டியாருங்களோடது, சரி. முருகன் எல்லாருக்கும்தானே, மாமா?"

"தேங்கா உடைக்கிறதை யாருடா தடுத்தா? ஊர்ல வசூல் பண்ணி, இதே மாதிரி இன்னொரு ரதம் செஞ்சு பக்கத்துலயே ஓட்டிப் பாரு. அப்பத் தெரியும்."

சிரித்துவிட்டேன். பையனுக்குக் கோபம்.

14 மார்ச் 2016, திங்கள்

வழக்கைத் திருத்தி மறுபடி தாக்கல் செய்திருக்கிறார்கள். ஆக்சனார்காரர்கள் எதையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள் என்று அதில் நீளமான பட்டியல். தொடரில் வரும் வேற்றுக்கிரகவாசிகளான வல்கன்களின் காது, கிளிங்கான்களின் மொழி, சீருடை என்று பையன் வாசித்துக்கொண்டே போனான். சீருடை என்றதும் நான் மிஷினை நிறுத்தினேன். அவனுக்குத் தங்கநிறச் சட்டை தைத்துக்கொண்டிருந்ததே நான்தான்.

அந்தச் சட்டைக்கு ஒரு கதை உண்டு. 1966-ல் தொடர் தொடங்கியபோது கேப்டன் போட்டது வெல்வெட் மாதிரியான வெலூர் துணி. உண்மையில் அது இளம்பச்சை நிறம். ஸ்டூடியோ விளக்கிலும் பிலிமிலும் தங்கநிறமாக விழுந்துவிட்டது. வெலூர் துவைக்கத் துவைக்கச் சுருங்கியதால் மூன்றாம் பருவத்தில் துணியையே மாற்றினார்கள். இவ்வளவும் அவன் சொல்லித்தான் தெரியும். அசலைப் பார்த்துத் தைப்பதா, திரையில் தெரிந்ததைப் பார்த்துத் தைப்பதா என்று கேட்டேன். "திரையில தெரிஞ்சதுதான் எங்களோடது" என்றான். பிழைத்துக்கொள்வான்.

ஆனால் எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. நடிகை போட்ட ரவிக்கையைப் போனில் காட்டி 'அதே மாதிரி' என்று கேட்பவர்களுக்கு வருசம் முழுக்கத் தைத்துக் கொடுக்கிறேன். ஒரு தடவைகூட உறுத்தியதில்லை. அதே நான், மூன்று இரவு உட்கார்ந்து போட்ட மயில் வேலைப்பாட்டை ஒருத்தர் அப்படியே எடுத்துத் தன் கடை முகப்பில் மாட்டியபோது ஒரு வாரம் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

30 ஏப்ரல் 2016, சனி

மொழிக்கு உரிமை கொண்டாட முடியுமா என்று செயற்கை மொழிகளை உருவாக்குவோர் சங்கம் ஒன்று நீதிமன்றத்துக்கு எழுதியிருக்கிறதாம். எழுதிய மனுவில் இடையிடையே கிளிங்கானிலேயே வாக்கியங்கள்! மார்க் ஒக்ராண்ட் 1984-ல் வந்த படத்துக்காக முழு மொழியாக வளர்த்தது அது. அகராதிகூட இருக்கிறது. "அகத்தியர் நம்மகிட்டக் காசா கேட்டார்?" என்றான் தம்பி. முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே கட்சி.

21 மே 2016, சனி

ஸ்டார் ட்ரெக் புதுப் படத்தின் தயாரிப்பாளர் ஜே.ஜே. ஆப்ராம்ஸ் ரசிகர்கள் முன்னால், வழக்கு சீக்கிரம் போய்விடும் என்று சொல்லிவிட்டாராம். பையன் துள்ளிக்கொண்டு வந்து எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தான். தம்பி அதையும் சாப்பிட்டுவிட்டு, "மேடையில சொல்லி எந்தக் கேஸ்டா போச்சு?" என்றான்.

24 ஜூன் 2016, வெள்ளி

நோன்பு மாதம். பகலில் நாசி கண்டார் கடைப் பக்கம் சத்தமே இல்லை. வழக்கு போகவில்லை, ரசிகர் படங்களுக்கு அந்த இரண்டு கம்பெனிகளின் விதிகள்தான் வந்திருக்கின்றன. ஒரு கதை 15 நிமிடம், இரண்டு பாகமானால் மொத்தம் 30. வசூல் 50,000 டாலருக்கு மேல் கூடாது. தொடரில் வேலை செய்தவர்கள் யாரும் இருக்கக் கூடாது.

எனக்கு முக்கியமானது இன்னொன்று. கடையில் கிடைக்கும் சீருடையைப் பயன்படுத்தினால் அது அதிகாரபூர்வச் சரக்காக இருக்க வேண்டும், போலி கூடாது. அப்படியானால் நான் தைத்தது? "அது கடையில கிடைக்கிறது இல்ல, நீ தைச்சது. அதனால தப்பில்ல" என்றான் தம்பி. "ஆனா இன்னொண்ணு தைச்சு வித்தே, போச்சு." நேற்றுத்தான் இன்னொரு பையன் வந்து விலை கேட்டுவிட்டுப் போயிருந்தான். தம்பியிடம் சொல்லவில்லை.

5 ஜனவரி 2017, வியாழன்

அனுமதி கேட்காமலே ஓரளவு எடுத்தாளலாம் என்கிற 'நியாயமான பயன்பாடு' வாதத்தை நீதிபதி கிளாஸ்னர் ஏற்கவில்லை. மீதியை ஜூரி பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருக்கிறார்.

"இங்க நடந்திருந்தா, மாமா?" என்றான் பையன், குரல் இறங்கி.

"நம்ம 1987 பதிப்புரிமைச் சட்டத்துல 13-வது பிரிவு இருக்கு. கேலி பண்ணி எடுத்தா வழி விடும். நீங்க பக்தியோட எடுத்திருக்கீங்க, அதான் சிக்கல்."

எனக்கென்னவோ பக்தியைவிட அந்த வசூல்தான் வினையாயிற்று என்று படுகிறது. ஊரார் பணத்தில் ஸ்டூடியோவுக்கே இடம் பிடித்தால் முதலாளி எப்படிக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்? இதைச் சொன்னால் பையன் சாப்பிடாமல் போய்விடுவான். சொல்லவில்லை.

22 ஜனவரி 2017, ஞாயிறு

சமரசம். 15 நிமிடத்தில் இரண்டு பாகம் எடுத்துக்கொள்ளலாமாம். முழுநீளப் படம் கிடையாது. 80 வெள்ளியைப் பற்றி நானும் கேட்கவில்லை.

8 பிப்ரவரி 2017, புதன்

நாளை பூசம். இந்த வருசம் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வெள்ளி ரதத்தோடு முதல் தடவையாகத் தங்க ரதமும். பையன் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி கவனமாகத் தேங்காய்க்கு நார் உரித்தான்.

பிறகு போனைப் பார்த்த பையன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். குறும்படத்தில் கிளிங்கான் தளபதியாக வந்த ரிச்சர்ட் ஹாட்ச் இறந்துவிட்டார், வயது 71. நெற்றி முழுக்க மேடு வைத்த அந்த முகத்தை மூன்று பேரும் சிரட்டைகளுக்கு நடுவில் நின்றபடியே பார்த்தோம். தம்பி கடைசிவரை வாய் திறக்கவில்லை.

கிளம்பும்போதுதான் பையன் சொன்னான், சட்டையை வெந்நீரில் துவைத்தானாம், கை இரண்டு அங்குலம் ஏறிவிட்டதாம். உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருக்கிறேன், பூசம் முடிந்ததும் கொண்டுவா, இறக்கித் தருகிறேன் என்றேன்.