வாயால் உறிஞ்சும் வேலை

"நாள் பூரா அந்த இருட்டு ரூம்ல அப்படி என்னதான்டி பண்ற?" என்று அம்மா கேட்டாள். வாயால் உறிஞ்சுகிறேன் என்றேன். பொய்யில்லை.

சுண்டெலியின் மூளையை 300 மைக்ரான் கனத்துக்குச் சீவி, ஆக்சிஜன் குமிழியிடும் உப்புக் கரைசலில் போட்டு வைத்திருப்போம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடியே ஒரு மெல்லிய கண்ணாடிக் குழலை நியூரானின் மேல் இறக்க வேண்டும். தொட்ட இடத்தில் சின்னதாகக் குழி விழும். உடனே ரப்பர் டியூபின் மறுமுனையை வாயில் வைத்து மெல்ல இழுக்க, செல்லின் சவ்வு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வெடுக்கென்று இன்னோர் இழுப்பு. சவ்வு கிழிந்து உள்ளே வழி கிடைக்கும், செல்லின் மின்னோட்டத்தை அளக்கலாம். அந்த நேரம் பார்த்து யாராவது கதவை அறைந்து சாத்தினால் போச்சு. நேற்று ஒன்பதில் இரண்டுதான் தேறின. ஜெர்மனியில் இந்த முறையைக் கொண்டுவந்த நேகருக்கும் சக்மானுக்கும் 1991-ல் நோபல் கொடுத்தார்கள். என் கழுத்து வலிக்கு யாரும் எதுவும் கொடுப்பதில்லை.

நான் பார்ப்பது டிராவே வலிப்பு. பிறந்து ஒரு வருடத்துக்குள், பெரும்பாலும் காய்ச்சலோடு ஆரம்பிக்கும். சில குழந்தைகளுக்கு வெந்நீரில் குளிப்பாட்டினாலே வந்துவிடும். காரணம் எஸ்சிஎன்1ஏ மரபணு என்று 2001-ல் பெல்ஜியத்தில் கண்டுபிடித்தார்கள். சோடியம் சேனல் என்பது செல்லின் சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் வாசல். நரம்பில் மின்துடிப்பைக் கிளப்பும் அந்தச் சேனல்களில் ஒன்றுக்கான மரபணு அது. அதன் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது. இங்கேதான் எனக்கு முதலில் மண்டை குழம்பியது. சேனல் குறைந்தால் மூளை அடங்கத்தானே வேண்டும், வலிப்பு எப்படி வரும்?

விடை சியாட்டிலிலிருந்து வந்தது. தேள் விஷத்தை வைத்து 1980-ல் சோடியம் சேனல் புரதத்தையே அடையாளம் கண்ட வில்லியம் கேட்டரால், 2006-ல் அதே பழுதுள்ள சுண்டெலிகளைச் சோதித்தார். மற்ற நியூரான்களைத் தூண்டிவிடும் செல்களில் சோடியம் மின்னோட்டம் குறையவில்லை. அடக்கிவைக்கும் செல்களில்தான் குறைந்திருந்தது. பிரேக் போன வண்டி. சோடியம் சேனலை அடைக்கும் கார்பமசெபைன் போன்ற வலிப்பு மாத்திரை இந்தக் குழந்தைகளுக்கு நிலைமையை மோசமாக்குவதும் அதனால்தான்.

"அப்போ சாவிக்கொத்தைக் கையில கொடுத்தா?" என்றாள் அம்மா. ஒன்றும் ஆகாதும்மா, ஒருக்களித்துப் படுக்க வை, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றேன். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அவளே சாவி கொடுத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

நேற்று தேறிய இரண்டில் ஒன்று அடக்கும் செல், பழுதுள்ள எலியுடையது. மின்னோட்டம் கொடுத்ததும் தையல் மெஷின் மாதிரி படபடவென்று ஆரம்பித்தது. நாலைந்து துடிப்புக்குள் உயரம் குறைந்து, திரையில் வெறும் அலையாகி, நின்றுவிட்டது.