வலிக்கு டீச்சர்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பரதநாட்டிய வகுப்பு என்றால் பெரும்பாலும் வீட்டு மாடி, கார் ஷெட், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். கீழே டைல்ஸ். பள்ளி வேன் இறக்கிவிட்ட பிள்ளைகள் யூனிஃபார்மை மாற்றி, பயிற்சிச் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்கும். இருபது பிள்ளைகள் நின்றால், எங்கோ வலிப்பதைச் சொல்லாமல் காலைத் தட்டி ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்றாவது அதில் இருக்கும்.

அது பிடிவாதம் இல்லை, கணக்கு. "வலிக்கு டீச்சர்" என்று சொன்னால் ஓரமாய் உட்காரச் சொல்வார்கள், முன்வரிசை இடம் வேறொருத்திக்குப் போகும், வீட்டில் "இதுக்குத்தான் டான்ஸ் வேண்டாம்னு சொன்னேன்" என்பார்கள். சொல்வதில் மூன்று நஷ்டம், லாபம் எதுவும் கிடையாது. இந்தக் கணக்கை மாற்றாமல் தரையை மாற்றியும் உணவை மாற்றியும் பெரிய பலன் இல்லை.

மேலைநாட்டு நடனமான பாலே சொல்லித்தரும் பெரிய பள்ளிகளில் பிசியோதெரபிஸ்ட், உணவு ஆலோசகர், மனநல ஆலோசகர் என்று ஆட்கள் இருப்பார்கள். நமக்கும் பாலேவுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவும் முடியாது. கலாக்ஷேத்ராவை 1936-ல் தொடங்கிய ருக்மிணி தேவி, பரதத்துக்கு முன் பாலே படித்தவர். ஆனால் பாலே ஆடுபவர் காலில் ஷூ இருக்கிறது, அடியில் துள்ளல் கொடுக்கும் மரத்தரை இருக்கிறது. நம் பிள்ளை வெறுங்காலோடு சிமெண்டில் தட்டுகிறது. கவனிப்பு நமக்குத்தான் அதிகம் வேண்டும்.

ஆட்களை வைக்க வசதி இல்லையென்றால் ஒரு நோட்டு போதும். வருகைப் பதிவேட்டில் கூடுதலாக ஒரு கட்டம் போட்டு, வகுப்பு தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையிடமும் "இன்னைக்கு எங்க வலிக்கு மக்கா?" என்று கேட்டு எழுதுங்கள். "வலிக்குதா?" என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் இல்லை என்று தலையாட்டிவிடும். "எங்க?" என்று கேட்டால் கை தானாக அந்த இடத்துக்குப் போகும். பிள்ளையை வகுப்பில் சேர்க்கும்போதே பெற்றோரிடம் இன்னொன்றையும் சொல்லி வைக்க வேண்டும்: வலியைச் சொன்ன பிள்ளையின் இடம் இரண்டு வாரத்துக்கு யாருக்கும் போகாது. நிகழ்ச்சி நெருக்கத்தில் இதைக் காப்பாற்றுவது டீச்சருக்குச் சிரமம்தான். ஆனால் ஒருமுறை மீறினால் அந்த நோட்டில் அதற்குப் பிறகு எதுவும் ஏறாது.

அடுத்து, தட்டுகளின் எண்ணிக்கை. அடவு என்பது ஆட்டத்தின் அடிப்படை அசைவு, காலம் என்பது வேகம். முதல் தட்டடவை எட்டு எண்ணிக்கைக்கு முதல் காலத்தில் செய்தால் 8 தட்டு, இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32. ஆக 56. இதையே பத்து முறை செய்தால் 560. ஒரே அடவு, பத்தே நிமிஷம். எட்டுத் தட்டடவு, பிறகு நாட்டடவு, குதித்து மெட்டு என்று ஒரு மாலைக்குள் ஆயிரங்களில் போய்விடும். குதிகால், பாத எலும்பு, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு மூன்றும் இதைத் தாங்கித்தான் பழகுகின்றன. பழக நேரம் கொடுத்தால் எலும்பு கெட்டிப்படும். கொடுக்காவிட்டால் மயிரிழை விரிசல் விழும்.

அதனால் எல்லா அடவையும் முழு பலத்தோடு தட்ட வைக்கக் கூடாது. ஒன்றை முழுக்கத் தட்டினால் அடுத்ததைக் காலை மெல்ல வைத்தே செய்யட்டும், கை, கண், கழுத்து மட்டும் முழுமையாக இருக்கட்டும். நடுவில் பதினைந்து நிமிஷம் உட்கார வைத்து முத்திரை, அபிநயம், தாளத்துக்கு வாயால் சொல்லும் சொல்லுக்கட்டு. கால் ஓய்வெடுக்கும், பாடமும் நடக்கும். எடுத்தவுடன் அரைமண்டியில், அதாவது பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி முட்டியை மடக்கிய நிலையில், நிறுத்தாமல் பத்து நிமிஷம் நடை, கணுக்கால் சுழற்றல், குதிகால் தூக்கி இறக்கல், இடுப்பு அசைவு. நீட்டிப் பிடித்து நிற்கும் பயிற்சிகள் வகுப்பின் கடைசியில், உடம்பு சூடாக இருக்கும்போது, ஒவ்வொன்றும் முப்பது நொடி.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதற்கு விளையாட்டு மருத்துவத்தில் ஒரு கைக்கணக்கு உண்டு. பிள்ளையின் வயது எத்தனையோ, அத்தனை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பள்ளி விளையாட்டும் சிலம்பமும் இதில் சேர்த்திதான். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. கெடுவது எப்போது என்றால், நவராத்திரிக்கோ ஆண்டு விழாவுக்கோ இரண்டு வாரம் முன்பு. வாரம் மூன்று மணி நேரமாக இருந்தது திடீரென்று பன்னிரண்டாகும். மேடையில் ஆடும் உருப்படியை ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே எடுத்து, பயிற்சி நேரத்தை வாரம் பத்தில் ஒரு பங்கு கணக்கில் ஏற்றினால் அந்தக் கடைசி நெருக்கடி வராது.

தரையைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் காசைப் பேசுவார்கள், சரிதான். பத்மநாபபுரம் அரண்மனை நவராத்திரி மண்டபத்தின் கண்ணாடிபோல் மெருகேற்றிய தரையைப் பார்த்தால் ஆடத் தோன்றும். ஆனால் ஒருநாள் ஆடும் தரை வேறு, தினம் பழகும் தரை வேறு. 12-க்கு 15 அடி அறைக்கு, எட்டுக்கு நாலு பிளைவுட் ஒரு அடுக்குக்கு ஆறு, இரண்டு அடுக்குக்குப் பன்னிரண்டு வேண்டும். 12 மி.மீ. கனம், தண்ணீர் தாங்கும் தரம். அடியில் ஒன்றேகால் அடி இடைவெளியில் மரச்சட்டம், சட்டத்துக்கு அடியில் ரப்பர் துண்டுகள். ரப்பர் நம் மாவட்டத்தில் தேடி அலைய வேண்டிய பொருள் இல்லை. மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்பின் மேல் விழக் கூடாது. சுவரோரம் ஒரு விரற்கடை விட வேண்டும். இங்கே ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பலகை ஊதினால் நடுவில் எழும்பி விரலைத் தடுக்கும். கறையான் அரிக்காமல் மருந்து அடிக்காவிட்டால் மொத்தமும் வீண்.

இது முடியாதவர்கள் ஒரே ஒரு பலகை மேடை செய்து, மூன்றாம் காலத்தை மட்டும் முறைவைத்து அதில் ஆடவிடலாம். வாங்கக் கூடாதது ஒன்று உண்டு, கோத்துப் போடும் ஃபோம் பாய். கால் அதில் புதைந்து கணுக்கால் புரளும். அதைவிட மோசம், தட்டுச் சத்தம் கேட்காது. சத்தம் கேட்காத பிள்ளை இன்னும் ஓங்கித்தான் தட்டும். மழைக்காலத்தில் டைல்ஸ் வியர்க்கும், வகுப்புக்கு முன்னும் நடுவிலும் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும்.

அரைமண்டியில் பார்க்க வேண்டியது முட்டியைத்தான். பாதத்தை எவ்வளவு திருப்பியிருக்கிறதோ, முட்டியும் அதே திசையில், இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். பாதம் பக்கவாட்டிலும் முட்டி முன்னாலும் நின்றால் அந்தத் திருகலை வாங்குவது முட்டி மூட்டு. திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அது எலும்பின் அமைப்பு, பிள்ளைக்குப் பிள்ளை மாறும். உள்பாதம் தரையில் சரிந்தாலோ, பின்பக்கம் தள்ளி முதுகு வளைந்தாலோ, அளவுக்கு மீறித் திருப்பியிருக்கிறது என்று அர்த்தம். பாதத்தைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்து, கொஞ்சம் உயரமாக உட்கார வைத்தால் சரியாகும். தொடையில் ஏறி நின்றும் முட்டியை அமுக்கியும் "உட்கார" வைப்பதை விட்டுவிடுவோம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரத்தைக் குறியுங்கள். இரண்டு செ.மீ.க்கு மேல் ஏறியிருந்தால் அது வேக வளர்ச்சி. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதில் வரும், ஆண் பிள்ளைகளுக்குச் சற்றுப் பிந்தும். எலும்பு முந்த, தசையும் நரம்பும் பின்தங்க, நேற்றுவரை நின்ற பிள்ளை இன்று தள்ளாடும். சோம்பல் என்று திட்டுவது அப்போதுதான். குதிகாலின் பின்பக்கத்தை இரு பக்கமும் அமுக்கினால் வலிப்பது, முட்டிக்குக் கீழே ஒரு புடைப்பு வலிப்பது இரண்டும் இந்தக் காலத்தில் சகஜம். குதிப்பையும் ஓங்கித் தட்டுவதையும் குறைத்தால் அடங்கும்.

எல்லா வலிக்கும் பயப்பட வேண்டாம். இரு கெண்டைக்காலிலும் பரவலாக வலித்து இரண்டு நாளில் போனால் அது உழைத்த வலி. எலும்பின் மேல் ஒற்றை விரலால் தொட்டுக்காட்டும் வலி, ஆட ஆடக் கூடும் வலி, இராத்திரியும் விடாத வலி வேறு ஜாதி. தட்டுவதை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். "எக்ஸ்ரேயில் ஒண்ணுமில்ல" என்பதை ஆடுவதற்கு அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உணவில் பெரிய குறை, மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை ஆறரை வரை ஒன்றுமில்லாமல் ஆடுவது. வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு மட்டிப்பழம், அல்லது ஒரு ஏத்தன்பழம், அல்லது கொஞ்சம் புட்டும் பயறும். பழம்பொரி வேண்டாம், எண்ணெய் வயிற்றிலேயே நிற்கும். மரச்சீனிக் கிழங்கு தெம்பு கொடுக்கும், ஆனால் தனியாகப் புரதம் இல்லாதது. சாளைக் குழம்பு கூட இருந்தால் கணக்கு நேராகும். நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். மீன் தொடாத வீடுகளில் பயறு, கடலை, முட்டை, தயிர். சாப்பாட்டோடு தேயிலை குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் பையிலேயே வைத்திருக்கும், கேளுங்கள். பன்னிரண்டு வயது தாண்டிய பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. அதனால் மூச்சு வாங்குவதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது. கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை உலராது, தாகமும் பிந்தித்தான் தெரியும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தண்ணீர். உப்புப் போட்ட மோரோ கஞ்சித்தண்ணியோ இருந்தால் இன்னும் நல்லது.

வகுப்பில் எடை மெஷின் வேண்டாம். உடம்பைப் பற்றிய முதல் காயம் பெரும்பாலும் உடை அளவு பார்க்கும் நாளில்தான் விழுகிறது. மூன்று மாதம் முன்பு அளவெடுத்துத் தைத்த உடை, வளரும் பிள்ளைக்கு இறுக்கத்தான் செய்யும். "தடிச்சிட்டியே" என்று யாராவது சொல்வார்கள், அன்று இராத்திரிச் சாப்பாடு குறையும். தையல்காரரிடம் இரு பக்கமும் இரண்டு அங்குலம் உள்தையல் விடச் சொன்னால் அந்தப் பேச்சே எழாது. ஒட்டியாணத்துக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். உடை போட்டால் ஒண்ணுக்குப் போக முடியாது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காத பிள்ளைகள் உண்டு. மேடைக்கு ஐந்து மணி நேரம் முன்பே உடுத்தி வைப்பதுதான் காரணம். முகமும் தலையும் முதலில் முடியட்டும், உடை கடைசி ஒரு மணி நேரத்தில்.

மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் நின்றாலும், பதினைந்து வயதாகியும் தொடங்காவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். "ஆடுற பிள்ளைக்கு அப்படித்தான்" என்பது தவறு. செலவழிக்கும் தெம்புக்கு ஏற்ற உணவு இல்லையென்றால் உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்தும், கூடவே எலும்பும் மெலியும். ஒரே பிள்ளைக்கு இரண்டாம் முறை எலும்பில் விரிசல் என்றால், சாப்பாட்டையும் மாதவிடாயையும் கேட்காமல் விடக் கூடாது. ஆண் டீச்சராக இருந்தால் இதைக் கேட்க ஒரு அக்காவை ஏற்பாடு செய்யலாம்.

டீச்சர் தாளம் போடும் தட்டுக்கழி மரக்கட்டைமேல் அடிக்க மட்டும். தொட்டுத் திருத்துமுன் "தொடட்டுமா?" என்று கேட்க வேண்டும். தனிப்பாடம் என்றால் கதவு திறந்திருக்கட்டும். 1098 குழந்தைகள் உதவி எண், 14416 மனநல உதவி எண், இரண்டையும் பிள்ளைகள் உடை மாற்றும் அறையில் ஒட்டி வையுங்கள், பெற்றோர் உட்காரும் இடத்தில் அல்ல.

கணுக்கால் உளுக்கினால் நம் ஊரில் முதலில் வைத்தியம் பார்க்கும் ஆசானிடம்தான் ஓடுவோம். வர்மத்துக்கும் தடவலுக்கும் பேர்போன மண், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் தடவினாலும் சூடு வைத்தாலும் உள்வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிஷம், சில மணி நேரத்துக்கு ஒருமுறை. கட்டு, காலை உயர்த்தி வைத்தல். நாலு எட்டு எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் முண்டின் பின்விளிம்போ சுண்டுவிரல் பக்கப் பாதத்தின் நடு எலும்போ அமுக்கினால் வலிக்கிறது என்றால், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ அருகிலுள்ள வேறு இடமோ, எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் மற்றது.

திரும்ப வருவதற்கும் படிகள் உண்டு. நொண்டாமல் நடை. ஒற்றைக் காலில் முப்பது நொடி நிற்றல். ஒற்றைக் காலில் இருபது முறை குதிகால் தூக்கல். அதன்பின் முதல் காலம், அரை பலத்தில். ஒவ்வொரு படியிலும் இரண்டு நாள் வலியில்லாமல் போனால் அடுத்தது, வலித்தால் ஒரு படி கீழே. குதிப்பும் மூன்றாம் காலமும் கடைசியில், சலங்கை அதற்கும் பிறகு. அதுவரை அந்தப் பிள்ளை ஓரத்தில் இல்லை, டீச்சர் பக்கத்தில் தட்டுக்கழியோடு உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லுக்கட்டு சொல்லட்டும்.