‘இந்தா வாறன்’ என்றொரு ஆங்கிலச் சொல்

1968ஆம் ஆண்டு, யாழ்ப்பாணம். எங்கள் பத்தாம் வகுப்பு, வேப்பமரத்தைப் பார்த்தபடி நின்ற ஓட்டுக் கட்டடத்தின் கடைசி அறை. காலையில் இடாப்புக் கூப்பிடும்போது 36 பேரும் வரிசையாக “பிரசென்ற் சேர்” என்போம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை ஆங்கில மாஸ்டர் இடாப்பை மூடிவிட்டு, “பிரசென்ற் எண்டால் என்னடா?” என்று கேட்டார்.

“வந்திருக்கிறன் எண்டு, சேர்.”

“வந்திருக்கிறது வேற. கண்ணுக்கு முன்னால நிக்கிறன் எண்டு சொல்லு.”

லத்தீனில் ‘முன்னால் இருப்பது’ என்பதுதான் அதன் வேர் என்றார். பிறகு கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதி, அதன் வாலில் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தார். பிரசென்ற்லி. “இதுக்கு என்ன பொருள்?”

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ‘இப்போது’ என்றார்கள் பாதிப் பேர். ‘சற்று நேரத்தில்’ என்றார்கள் மற்றப் பாதி. நான் இரண்டாவது கட்சி. மாஸ்டர் சண்டையைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுவிட்டுச் சொன்னார்: “ரெண்டும் சரி. மூண்டாவது ஒண்டு இருக்கு. அதை ஒருத்தரும் சொல்லேல்ல.”

அவரை நினைக்கும்போது முதலில் வருவது, காயாத விபூதியும் வெள்ளை நஷனல் சட்டையும். கையில் எப்போதும் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்று, மண்ணிறக் கடதாசி உறை போட்ட ஒக்ஸ்போர்ட் அகராதி. மற்றது 1611இல் வந்த ஆங்கில பைபிளின் பழைய பதிப்பொன்று. விபூதி பூசியவர் பைபிளோடு வருவதை எங்கள் ஊரில் யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. பேர்சிவல் பாதிரியாரின் தமிழ் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர் அல்லவா?

மத்தேயு 21ஆம் அதிகாரத்தைத் திறந்தார். இயேசுவுக்குப் பசி. வழியில் ஓர் அத்திமரம், இலை மட்டும் இருக்கிறது, காய் இல்லை. இனி உன்னில் கனி உண்டாகாதிருக்கட்டும் என்கிறார். அதே வசனத்தின் முடிவில் ஆங்கிலம் சொல்கிறது, மரம் ‘பிரசென்ற்லி’ பட்டுப்போயிற்று என்று.

“எப்ப பட்டது? இப்ப படுகுதா? கொஞ்ச நேரம் கழிச்சா?”

இரண்டு கட்சிக்கும் வாய் அடைத்துவிட்டது. ‘இப்போது’ என்றால் வசனமே நிற்காது. ‘சற்று நேரத்தில்’ என்றால் சீடர்கள் திகைத்து நிற்பதற்குக் காரணம் இல்லை. கிறிஸ்தவ நண்பன் ஒருவனைக் கூப்பிட்டு அவனுடைய தமிழ் பைபிளை வாசிக்கச் சொன்னார். “உடனே அத்திமரம் பட்டுப்போயிற்று.” கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் நிற்கும் சொல்லும் ‘அந்தக் கணமே’ என்ற பொருள் உள்ளது. ஆக, 1611இல் அந்த ஆங்கிலச் சொல்லைப் படித்தவன் ‘உடனே’ என்றுதான் விளங்கிக்கொண்டான்.

வாசித்த நண்பன் உட்காரவில்லை. “சேர், மாற்கு எழுதினதில அடுத்த நாள் காலமைதானே மரம் பட்டிருக்கிறதைக் காணுகினம்?” என்றான். மாஸ்டரின் முகத்தில் அன்று வந்த சந்தோசத்தை நான் பிறகு அதிகம் கண்டதில்லை. “அதுதான் படிக்கிறது. மாற்கு ஒரு மாதிரிச் சொல்லுறார், மத்தேயு ஒரு மாதிரிச் சொல்லுறார். சொல்லின்ரை பொருளை மாத்திப்போட்டால் அந்த வித்தியாசமே உங்களுக்குத் தெரியாமல் போயிடும்.”

அடுத்து சேக்ஸ்பியர். ‘தி ரெம்பெஸ்ற்’ நாடகம் அரசவையில் ஆடப்பட்டதற்குக் கிடைக்கிற முதற்பதிவு 1611 நவம்பர் 1. பைபிள் வந்த அதே ஆண்டு, அதே ஜேம்ஸ் அரசரின் ஆட்சி. அதில் புரொஸ்பெரோ தன் ஏவலான ஏரியல் என்ற ஆவியிடம் ஒரு வேலை சொல்கிறான். ஏரியல் கேட்பது ஒரே சொல்: “பிரசென்ற்லி?” வருகிற பதில், ஓம், கண்மூடித் திறக்க முன்னம். உடனே ஏரியல், நீ ‘வா, போ’ என்று சொல்லி இரண்டு தரம் மூச்சு விட முன்னர் முடித்துவிடுகிறேன் என்கிற மாதிரிப் பாடுகிறது.

“எல்லாரும் ரெண்டு மூச்சு விடுங்கோ பாப்பம்” என்றார் மாஸ்டர். 36 பேரும் சேர்ந்து இரண்டு தரம் மூச்சு விட்டோம். வெளியே வேப்பமரத்தில் காகம் கத்தியது கேட்டது. “அவ்வளவுதான். அதுதான் அந்தக் காலத்துப் பிரசென்ற்லி.”

பிறகு அது எப்படி ‘சற்று நேரத்தில்’ ஆயிற்று? அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. சேக்ஸ்பியரின் இன்னொரு நாடகத்துக்குப் போனார். நான்காம் ஹென்றி, முதற்பாகம். லண்டன் ஈஸ்ற்சீப்பில் ஒரு மதுக்கடை, அங்கே பிரான்சிஸ் என்ற பரிமாறும் பையன். இளவரசன் அவனைப் பேச்சில் பிடித்து வைத்திருக்கிறான். இளவரசனின் கூட்டாளி மற்ற அறையில் இருந்து பெயர் சொல்லிக் கத்துகிறான். பையன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறான்: “அனோன், அனோன், சேர்!” பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் வேர் ‘ஒன்றாக’ என்பது. ஒரே வீச்சில், தாமதம் இல்லாமல் என்ற பொருளில் வழங்கியது. பையனின் வாயில் அது வேறு. அவன் சொல்கிறான், ஆனால் நகரவில்லை.

‘சூன்’ என்ற சொல்லும் இப்படித்தான். 1000 ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் அது ‘சோனா’, பொருள் ‘உடனே’. இன்று அதை நம்பி யாரும் அடுப்பில் உலை வைக்கமாட்டார்கள். ‘பை அன் பை’ இன்னும் கடுமை. அந்த 1611 பைபிளில், ஏரோதியாளின் மகள் யோவானின் தலையைத் தட்டில் வைத்துத் தரும்படி கேட்கும்போது சொல்கிற சொல் அதுதான். தமிழ் பைபிள் ‘இப்பொழுதே’ என்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் வாசித்தால், ஆறுதலாக ஒருநாள் தந்தால் போதும் என்று அவள் சொல்வது போல இருக்கும். அந்தக் காட்சியின் கொடூரமே போய்விடுகிறது.

“உடன செய்யிறன் எண்டு சொல்லிப்போட்டு நேரம் எடுக்கிறது மனிசற்றை குணம்” என்றார் மாஸ்டர். “சொல் பாவம். அது அவையின்ரை பின்னால இழுபட்டுப் போகுது. வீட்டில போய் அம்மாவைக் கூப்பிட்டுப் பாருங்கோ.”

அன்று பின்னேரம் நான் உண்மையாகவே போய்க் கூப்பிட்டேன். குசினிக்குள் இருந்து அம்மா “இந்தா வாறன்” என்றார். ‘இந்தா’ என்பது கையில் எடுத்து நீட்டும்போது சொல்கிற சொல், அதைவிடக் கிட்டிய சொல் தமிழில் இல்லை. அம்மா பிட்டு அவித்து இறக்கி, கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தபோது நான் கிணற்றடியில் முகம் கழுவி முடித்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு அந்த ஆங்கிலச் சொல் முழுமையாக விளங்கியது.

ஆனால் ‘உடனே’ என்ற நம் சொல் இன்னும் இளகவில்லை. ‘உடன்’ என்றால் சேர்ந்து, கூட. செயலும் நேரமும் ஒட்டியே நிற்கிறது. சந்தையில் உடன் மீன் என்று கேட்டு வாங்குகிறோமே, கடலில் இருந்து வந்த கையோடு கிடைப்பது, அந்த ‘உடன்’. ஆங்கிலத்தின் ‘அனோன்’ வேரும் ‘ஒன்றாக’ என்றிருப்பதை மாஸ்டர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு மொழிக்காரரும் தனித்தனியே ஒரே வழியில் யோசித்திருக்கிறார்கள். ஒன்று தேய்ந்துபோயிற்று, மற்றது நிற்கிறது. ஏன் என்று யோசிக்க எனக்கு இன்றும் ஆசையாக இருக்கிறது.

1974இல் லண்டன் போனேன். வீட்டுக்கார அம்மாள் நல்ல மனுசி. அறையில் ஹீற்றர் வேலை செய்யவில்லை என்றால், படிக்கட்டின் அடியில் நின்று, பிரசென்ற்லி மேலே வருகிறேன் என்பார். ஒரு தேநீர் குடித்து முடிக்கிற நேரம் என்று பிடித்துக்கொண்டேன். வேலைத்தலத்தில் கோர்ன்வோல்காரர் ஒருவர் ‘ட்ரெக்லி’ என்பார். ‘டிரெக்ற்லி’ என்பதன் அந்த ஊர் வடிவம். நேரே, உடனே என்று பொருள் தரவேண்டிய சொல், அவர் வாயில் ‘முடிகிற நாளில்’ என்று வந்தது. இதையெல்லாம் மாஸ்டருக்கு வான்கடிதத்தில் எழுதுவேன். அவர் சிவப்பு மையில் என் பிழைகளைத் திருத்தி, பதிலோடு என் கடிதத்தையும் திருப்பி அனுப்புவார்.

1989இல் கனடா வந்த பிறகுதான் அந்தச் சொல் என்னைக் கவிழ்த்தது. ரொறன்ரோவில் ஒரு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் படிவம் தந்தார்கள். ‘ஆர் யூ பிரசென்ற்லி எம்ப்ளோய்ட்?’ என்று ஒரு கேள்வி. லண்டனில் 15 வருசம் இருந்த காதுக்கு அது ‘விரைவில் வேலையில் சேர இருக்கிறீரா’ என்றுதான் கேட்டது. ஒரு தொழிற்சாலையில் கேட்டு வைத்திருந்த நம்பிக்கையில் ‘ஓம்’ என்று குறித்தேன். இவருக்கு இப்போதே வேலை இருக்கிறது என்று படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். இரண்டு கிழமை போயிற்று. கைக்குழந்தையோடு இரண்டு கிழமை என்பது சின்னக் கணக்கு இல்லை.

கோபத்தில் நகர நூலகத்துக்குப் போய்ப் பெரிய ஒக்ஸ்போர்ட் அகராதியை இறக்கினேன். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஆண்டுவாரியாக மேற்கோள்கள் அடுக்கியிருக்கும் அகராதி அது. பார்த்தால், 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்குகிற கதை. ‘இப்போது’ என்பதும் பழைய பொருள்தான். ஜோன்சன் 1755இல் வெளியிட்ட அகராதியிலும் முதலாவதாக ‘இப்போது’ இருக்கிறது. இரண்டாவதாக ‘உடனே’, அதோடு ஒட்டியே ‘சற்றுப் பின்னர்’. அந்த ஒரு வரிக்குள்ளேயே சொல் இளகுவதைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் பேச்சில் ‘இப்போது’ மங்கிப்போக, ஸ்கொட்லாந்துக்காரரும் அத்திலாந்திக்கைத் தாண்டி வந்தவர்களும் அதை விடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டில் இலக்கணம் திருத்துகிறவர்கள் சிலர் ‘இப்போது’ என்று எழுதுவதைப் பிழை என்றார்கள். அது நியாயம் இல்லை. வீட்டை விட்டுப் போன பிள்ளை பழைய பேச்சை வைத்திருப்பதைப் பிழை என்று யாரும் சொல்லக்கூடாது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பேச்சிலும் இன்று ஊரில் கேட்காத சொற்கள் இருக்கின்றன.

இதையும் மாஸ்டருக்கு எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. அப்புறம் கடிதப் போக்குவரத்தே நின்றுபோயிற்று.

போரால் மூடிக் கிடந்த, யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி 2002இல் திறந்ததும் ஊருக்குப் போனேன். மாஸ்டரின் வீட்டுப் படலை அதே படலை. மாஸ்டரின் மனைவி என்னை அடையாளம் கண்டு, “இருங்கோ தம்பி, இந்தா வாறார்” என்றார். அரை மணித்தியாலம் இருந்தேன். மாணவன் வந்திருக்கிறான் என்று அவர் குளிக்கப் போயிருக்கிறார். வந்தபோது நெற்றியில் விபூதி காயவில்லை. நடை தளர்ந்திருந்தது, குரல் அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் அந்த ஒக்ஸ்போர்ட் அகராதியை எடுத்து வந்தார். 1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளியேறிய இடப்பெயர்வில் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோது உடுப்புப் பையில் வைத்துக் கொண்டுபோனதாம். ஓரங்கள் தண்ணீர் ஊறிப் பொம்மியிருந்தன. மண்ணிறக் கடதாசி உறை புதிது. பிரசென்ற்லி இருந்த பக்கத்தைத் தானே விரித்தார். ஓரத்தில் பென்சிலால் சின்ன எழுத்தில்:

1611, மத்தேயு: உடனே.
1974, லண்டன், ஹீற்றர்: தேநீர் குடிக்கிற நேரம்.
1989, ரொறன்ரோ, படிவம்: இப்போது.

என் கடிதங்கள்தான். கடைசிக் கடிதம் கிடைத்திருக்கிறது என்பதே எனக்கு 13 வருசத்துக்குப் பிறகு அப்போதுதான் தெரிந்தது. பேச முடியாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு, ரொறன்ரோவில் என்னோடு வேலை செய்யும் தென்னாபிரிக்கர் ஒருவரைப் பற்றிச் சொன்னேன். அவர் ‘ஜஸ்ற் நௌ’ செய்கிறேன் என்றால், இப்போது இல்லை, பிறகு என்று அர்த்தம்.

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் பென்சிலைத் தேடி எடுத்தார்.

“பொறு, பொறு. எந்த வருசம் கேட்டனி?”